கால் பார்க்கப் போன ஐந்து நாள்

ஜனவரி 19, திங்கள் – ராமேஸ்வரம்

தை அமாவாசைக்கு மறுநாள் ராமேஸ்வரத்தில் அறை தேடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் மூன்று வாரம் முன்பே ஒரு விடுதியில் 900 ரூபாய்க்குப் பேசி, முன்பணமும் அனுப்பியிருந்தேன். பையைச் சுமந்துகொண்டு போய் நின்றால், மேசைக்குப் பின்னால் இருந்த பையன் நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் பெயரில் ஒன்றும் இல்லையே ஐயா" என்கிறான். தர்ப்பணத்துக்கு வந்த குடும்பம் இன்னொரு நாள் தங்கிவிட்டது என்ற உண்மை கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. முன்பணத்தைத் திருப்பித் தர முதலாளி வர வேண்டுமாம். முதலாளி காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறாராம். அடுத்த தெருவில் 1,800 ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தது. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுத்தது.

நான் சாமி கும்பிட வரவில்லை. திண்டுக்கல்லில் தபால் துறையில் 34 வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவன். தங்கை மகள் பறவைகளை ஆராய்கிறாள். எந்தப் பறவை என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டாள், "நடை, மாமா" என்பாள். எலும்பும் தசைநாரும் நெம்புகோலாகவும் கம்பிச்சுருளாகவும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் படிப்பு அது. உயிர் இயக்கவியல் என்று பெயர். கூட வர வேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். "உட்கார்ந்து எழுதுகிற வேலைதான்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அந்த வாக்கியத்தில் "உட்கார்ந்து" என்ற சொல் மட்டும் பொய் என்று மறுநாள் தெரிந்தது.

குழுவில் இன்னும் இரண்டு பேர். நாகர்கோவில் தம்பி பறவைகளின் நடத்தையைப் பார்ப்பவர். தூத்துக்குடிப் பெண் சூழலியல், அதாவது சேறு. அந்தப் பெண்ணின் பெட்டியில் சல்லடைகளும் டப்பாக்களும்தான் இருந்தன, பறவைப் படம் ஒன்றுகூட இல்லை. இரவு இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது மூன்று பேரும் வாதம் தொடங்கினார்கள். பறவை ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது அங்கே இரை இருப்பதாலா, அதன் காலுக்கு ஏற்ற ஆழத்தில் தண்ணீர் இருப்பதாலா, கூட்டம் அங்கே இருப்பதாலா என்பது வாதம். எனக்கு மூன்றாவது இட்லி வருவதற்குள் மூன்று முறை குரல் உயர்ந்து தாழ்ந்தது.

ஜனவரி 20, செவ்வாய் – கோதண்டராமர் கோயில் பக்கம்

காலை நாலேமுக்காலுக்குப் புறப்பாடு. ஆட்டோக்காரர் போக வர 900 கேட்டார், 800-க்கு முடிந்தது. தனுஷ்கோடிச் சாலையில் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. "இது பெண் கடல், அது ஆண் கடல். வருடத்தில் பாதி நாள் பெண் கடல் சாதுவாக இருக்கும். வாடை அடிக்கிற மாதங்களில் தலைகீழ்" என்றார். இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இரைந்தன.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோது தப்பி நின்ற கோயில் இது. சுற்றிலும் முழங்கால் அளவுகூட இல்லாத உப்புத் தண்ணீர். 2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வனக்காவலர் அனுமதிக் கடிதத்தை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஓடக் கூடாது, கை தட்டக் கூடாது, பறக்கவிட்டுப் படம் எடுக்கக் கூடாது." கடைசி ஆசை எனக்குள் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆறரை மணிக்கு வெளுத்தது. தண்ணீருக்கு நடுவே யாரோ சேலையைக் காயப்போட்டதுபோல ஒரு வெளிர் ரோஜாக் கோடு. கோடு மெல்லப் பிரிந்து கழுத்துகளாகியது. அந்த நிறம் பிறவியில் வருவதில்லை, தின்னும் பாசியிலும் இறாலிலும் இருந்து ஏறுவது என்று தூத்துக்குடிப் பெண் சொன்னார். பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் ரண் பக்கம் முட்டையிட்டு வளர்த்துவிட்டுத்தான் இவ்வளவு தெற்கே வருகின்றனவாம்.

நான் இறக்கை விரிவதைப் பார்க்கக் காத்திருந்தேன். தங்கை மகள் கேமராவின் மூக்கை ஒரே ஒரு பறவையின் வயிற்றுக்குக் கீழே திருப்பி வைத்தாள். நாகர்கோவில் தம்பி தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கினார்: "நடை. நடை. தலை உள்ளே. மிதி. மிதி. தலை மேலே." நான் எழுத வேண்டும். ஒரு பறவைக்கு ஐந்து நிமிடம், பிறகு வேறு பறவை. இடையில் அது முதுகு சொறிந்தாலும் எழுத வேண்டும், சும்மா நின்றாலும் எழுத வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒன்று. தபால் பை எண்ணிய கை, அதில் தடுமாற்றமில்லை. தடுமாறியதெல்லாம் மூட்டுதான். சேற்றில் முக்காலி புதைந்ததால் நின்றுகொண்டே எழுதினேன். எட்டு மணிக்கெல்லாம் வலது முழங்கால் பழைய கதவுபோலக் கிறீச்சிட்டது.

"இந்தப் பறவைக்கு முழங்கால் பின்பக்கமாக மடிகிறது, கொடுத்து வைத்தது" என்றேன். தங்கை மகளுக்கு அது போதும். "மாமா, அது முழங்காலே இல்லை. கணுக்கால். முழங்கால் மேலே, உடம்பை ஒட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே நீளமாகத் தெரிவது நம் பாதத்து எலும்பு. அது நிற்பது விரல்களில்." அறுபத்தோரு வருடமாகக் கோழியையும் கொக்கையும் பார்த்தவன். கோழியைத் தின்றவனும்கூட. இது எனக்குத் தெரியாது. இனி எந்த நாரையைப் பார்த்தாலும் அது நுனிவிரல் ஊன்றி எட்டிப் பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றப் போகிறது.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்தாடை தரையைப் பார்க்க, தலைகீழாகத்தான் உண்ணும். தண்ணீர் வடிகட்டி வெளியேறும், சிற்றுயிர்கள் உள்ளே தங்கும். சும்மா இருந்து வடிகட்டுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்களாம். 2025-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விக்டர் ஒர்ட்டேகா ஹிமேனெஸ் குழு சிலி நாட்டுப் பூநாரைகளைப் படமெடுத்துப் பார்த்து வேறு கதை சொன்னது. பறவை கால் சவ்வால் மிதித்துச் சேற்றைக் கிளப்புகிறது. பிறகு கவிழ்ந்த தலையை விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று மேலே இழுக்கிறது. அந்த இழுப்பில் தண்ணீருக்குள் சின்னச் சூறாவளி சுழல்கிறது, ஓட நினைத்த இறால் குஞ்சு அதில் மாட்டிக்கொள்கிறது. அங்கே கண்ணாடித் தொட்டியில் பார்த்ததை இங்கே வாடைக்காற்றிலும் கலங்கல் தண்ணீரிலும் நம் ஊருக்கு வரும் பெரும் பூநாரையிடம் பார்க்க முடியுமா என்பதுதான் இவளுடைய வேலை. கேட்டதும் என் நாலு கோட்டுக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது. "தலை மேலே" என்று நான் பத்தோடு பதினொன்றாகக் கிறுக்கியது அந்த வெடுக்குதான்.

வெயில் ஏறியதும் பாதிப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கத் தொடங்கின. அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள். 2017-இல் அமெரிக்காவில் யங் ஹுய் சாங், லீனா டிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செத்த பூநாரையை எடுத்து ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது. தசை எதுவும் வேலை செய்யாமலே மூட்டுகள் தாமாகப் பூட்டிக்கொண்டதுபோல எடையைத் தாங்கின. இரண்டு காலில் நிறுத்தினால் நிற்கவில்லை. செத்த பூநாரை செய்வதை உயிரோடு இருக்கும் நான் செய்ய முடியாமல் ஆட்டோவின் விளிம்பில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் ஓலைக்கொட்டகையில் சாப்பாடு. பாறை மீன் வறுவல் 150, சோறு 80. மீன் அருமை. மிளகாய் நாக்கில் சுள்ளென்று ஏறியது, முண்டு மிளகாய் என்றார்கள். நான் நொண்டி வருவதைப் பார்த்த கடைக்கார அம்மாள் கேட்காமலே ஒரு வாளியைக் கவிழ்த்து, "இதில் காலைத் தூக்கி வையுங்கள் அண்ணே" என்றார். அந்த வாளியில் நேற்றைய மீன் வாடை. காலை எடுக்கவில்லை.

ஜனவரி 21, புதன் – அறைக்குள்

காற்று. கேமராக் கால்கள் நடுங்கினால் படம் பயனில்லை என்று போகவில்லை. நான் கோயில் தீர்த்தங்களையாவது பார்க்கலாம் என்று சட்டை மாட்டினேன். "மாமா, ஒரு நிமிடம்" என்று கூப்பிட்டு நேற்றைய படத்தைக் காட்டினாள்.

விநாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் கேமரா. பதினோரு விநாடித் துண்டு ஒன்றைத் திறந்தாள். 2,640 சட்டங்கள். ஒவ்வொன்றிலும் கணுக்கால், விரல் மூட்டு, அலகு நுனி என்று மூன்று புள்ளி குத்த வேண்டும். கணினி தானாகக் குத்துமாம், ஆனால் சேறு கிளம்பும் இடத்தில் தண்ணீரின் பளபளப்பை அலகு என்று நம்பிவிடுமாம். அதைக் கண்ணால் திருத்த வேண்டும். அந்தப் பதினோரு விநாடியை நாலு மணி நேரம் பார்த்தோம். முன்னூறாவது சட்டத்தில் தூங்கிப் போனேன். எழுந்தபோது பறவை இன்னும் அதே காலைத்தான் தூக்கிக்கொண்டிருந்தது.

மாலையில் தூறல். டீ 15 ரூபாய், வடை ஆறியிருந்தது. முதலாளி இன்னும் காரைக்குடியில்.

ஜனவரி 22, வியாழன் – கீழக்கரை, வாலிநோக்கம்

வாடகைக் காரில் பாம்பன் பாலம் தாண்டிப் புறப்பட்டோம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 1914-இன் பழைய பாலம் துருவோடு நின்றது. டிரைவர் வண்டியை நிறுத்தி நாங்கள் படம் எடுக்கக் காத்திருந்தார். எங்கள் குழுவில் ஒருவரும் பாலத்தைப் பார்க்கவில்லை. கீழே பாறையில் கல்திருப்பி உள்ளான் ஒன்று சிப்பிக் குப்பையை அலகால் புரட்டிக்கொண்டிருந்தது, நாலு தலையும் அங்கே.

கீழக்கரையில் தொதல் வாங்கினேன், கால் கிலோ. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து அல்வாவுக்கு அண்ணன்போல இருக்கிறது. பல்லில் ஒட்டிக்கொண்டு வாலிநோக்கம் வரை பேசவிடவில்லை. மற்றவர்கள் அதை ஒரு நன்மையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வாலிநோக்கத்தில் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கழிமுகச் சேறு. அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் கொஞ்சம் கூடுதலாக வற்றும் என்பதால்தான் இந்தத் தேதியைப் பிடித்தார்களாம். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தரை தட்டையாக இருப்பதால், ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே மைதானம் அளவுக்குச் சேறு வெளியே வந்துவிடுகிறது. வந்ததும் விருந்து. கொசு உள்ளான்கள் தையல் இயந்திரம்போலக் குத்திக்கொண்டு ஓடின. பவளக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி, அரிவாள் மூக்கோடு ஒரு குதிரைமலைக் கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்). எல்லாவற்றுக்கும் மூக்கு நீளம் வேறு, கால் உயரம் வேறு. ஒரே பந்தியில் ஒருவர் இலையில் ஒருவர் கை வைப்பதில்லை என்று தூத்துக்குடிப் பெண் குழாயை இறக்கி, சேற்றை அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினார். மேலே சின்ன இறால் வகை, இரண்டு விரல் கீழே புழு, ஒரு சாண் கீழே பெரிய புழுவும் மட்டியும்.

ஆழத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் பிடிக்கிறது? கோட்டான், மூக்கன் வகைகளுக்கு அலகு நுனியில் தொடு உணர்வு நிறைய. அதைவிட வேடிக்கை, அலகை முழுவதும் சேற்றில் புதைத்துவிட்டு நுனியை மட்டும் திறக்க முடிகிறது. வேரில் அசைவில்லாமல் நுனி மட்டும் இடுக்கிபோல விரிகிறது. இல்லாவிட்டால் அத்தனை சேற்றையும் தள்ளித் திறக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு அலுவலகம் முழுவதும் அசைய வேண்டும்.

பட்டைவால் மூக்கன் ஒன்றைக் காட்டினாள். மண்ணிறம், கோழி அளவுகூட இல்லை. இதன் இனத்தில் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பி, எங்கும் இறங்காமல் பதினோரு நாள் பறந்து 13,560 கிலோமீட்டர் தாண்டி டாஸ்மேனியாவில் இறங்கியது. கிளம்பும் முன் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, வழியில் தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் இந்தப் பறவைகள் சுருக்கிக்கொள்கின்றன. நான் திண்டுக்கல்லில் கிளம்பும்போது கொண்டுவந்த பையின் எடை ஞாபகத்துக்கு வந்தது.

அந்த யோசனையில் ஒரு காலை வைக்கக் கூடாத இடத்தில் வைத்தேன். முழங்கால் வரை போய்விட்டது. இழுக்க இழுக்க மற்றக் காலும் போனது. நாகர்கோவில் தம்பி நிதானமாக, "அசைய வேண்டாம் ஐயா, அந்த மூக்கன் இன்னும் இரண்டு நிமிடம் அங்கேதான் மேயும்" என்றார். இரண்டு நிமிடம் நின்றேன். பறவையின் ஐந்து நிமிடக் கணக்கு முடிந்த பிறகே என்னைத் தூக்கினார்கள். வலது செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. 350 ரூபாய்ச் செருப்பு. உப்பளத்துப் பெண்கள் இருவர் தலையில் சட்டியோடு நின்று சிரித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்கும் இடம் அது. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

சாலையோரம் பனங்கிழங்கு விற்ற பாட்டியிடம் ஒரு கட்டு 50 ரூபாய்க்கு வாங்கி, ஒரு செருப்போடு மரத்தடியில் உட்கார்ந்தேன். கிழங்கைப் பிளந்ததும் இரண்டு பாதியும் கூராக நீட்டிக்கொண்டு நின்றன. எதை நினைத்தேன் என்று பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி சில்லறை எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பெட்டிச் சாவி கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தது. சாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக வளையம், மோதிரம் என்றால் குழந்தைக்குக்கூடப் பற்றாது. அதில் எழுத்து. எழுத்து இருந்தால் படிக்காமல் விட முடியாத தொழில் என்னுடையது. பாதி தேய்ந்த ஆங்கிலத்தில் "பம்பாய்" என்று தெரிந்தது, கீழே எண். நான் கூப்பிட்ட குரலில் மூன்று பேரும் கேமராவை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நாலு நாளில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைக் காலில் மாட்டும் வளையம். எங்கே செத்தாலும் எங்கே சிக்கினாலும் தெரிவிக்கச் சொல்லி அதில் பொறித்திருப்பார்கள். எண்பதுகளில் அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் மன்னார் வளைகுடாத் தீவுகளில் கரைப்பறவைகளை ஆராய்ந்தவர் என்று தங்கை மகள் சொன்னாள். கோடிக்கரையிலும் வருடக்கணக்காக வளையம் மாட்டியிருக்கிறார்கள். இது எங்கே மாட்டியதோ, எந்தப் பறவையோ.

"எங்கே கிடைத்தது பாட்டி?"

"வீட்டுக்காரர் வலையில் ஒரு பறவை மாட்டிச் செத்துக் கிடந்தது. காலில் இருந்ததைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். வெள்ளியென்று நினைத்துக்கொண்டு." பாட்டி சிரித்தார். "அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது."

தங்கை மகள் கேட்க வாயெடுத்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். எண்ணை மட்டும் படம் எடுத்துக்கொண்டோம். பாட்டி வளையத்தைக் கையில் கொடுக்கவில்லை, முந்தானையோடு தூக்கிப் பிடித்தார். நடுவில் ஓர் எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி – மறுபடி கோதண்டராமர் கோயில், ரயில் நிலையம்

வெறுங்காலோடு ஏறினேன். ஆட்டோக்காரர் அதே ஆள், "என்ன ஐயா, தீர்த்தமாடப் போகிறீர்களா?" என்றார்.

தண்ணீர் இருந்தது, வனக்காவலர் இருந்தார், பூநாரை ஒன்றுகூட இல்லை. இரவில் எங்கோ எழுந்து போய்விட்டன. எனக்கு வயிற்றெரிச்சல், மூன்று பேர் முகத்திலும் சலனமே இல்லை. அனுமதித்த இடம் வரை நடந்து, நீர் இறங்கிய சேற்றைக் காட்டினாள். வட்டம் வட்டமாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு, பெரிய உளுந்தவடைகளை வரிசையாகப் பரப்பியதுபோல. தலையை நடுவில் கவிழ்த்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கால்களால் மிதித்தே வட்டமிட்டு மேய்ந்த தடம். செவ்வாயன்று நான் "மிதி, மிதி" என்று எழுதிய கோடுகள் தரையில் கிடந்தன. குறுக்களவு அளக்க நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். 43 வட்டம் அளந்தோம். குனிந்து நிமிர்ந்ததில் இடது முழங்காலும் வலதோடு கட்சி சேர்ந்துகொண்டது.

விடுதி முதலாளி வந்துவிட்டிருந்தார். முன்பணம் 300-இல் 250 கிடைத்தது. "சேவைக் கட்டணம்" என்றார். என்ன சேவை என்று கேட்டேன், பையன் டீ வாங்கிக் கொடுத்தான்.

செருப்புக் கடையில் 280 ரூபாய்க்கு ஒரு ஜோடி. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வளையத்தின் படத்தை அப்போதே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாகத் தங்கை மகள் சொன்னாள். இருக்கட்டும். என் பையில் எப்போதும் நாலைந்து அஞ்சலட்டை இருக்கும். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்த இடம், ஆளின் பெயர் வேண்டாம் என்பதால் "ஒரு மீனவர் வலையில்", பிறகு எண் என்று எழுதினேன். அந்த நடு எண் வந்ததும் பேனா நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவள் கைபேசியில் மறுபடி பார்த்தேன். மேல் வளைவு மூடியிருப்பதுபோலவும் இருக்கிறது, திறந்திருப்பதுபோலவும் இருக்கிறது.

ஒரு கார்டில் மூன்று என்று போட்டேன். இன்னொரு கார்டு எடுத்து எல்லாவற்றையும் திரும்ப எழுதி, எட்டு என்று போட்டேன். மும்பை 400 001. இரண்டு கார்டுக்கும் சேர்த்து ஒரு ரூபாய்.